இரண்டாவது ஆல்பத்தில் ஒலியை மாற்றுவது எப்படி: இண்டி ராக் குழுக்களுக்கு ஒரு வழிகாட்டி

முதல் ஆல்பத்தின் பாடல்களை ஓராண்டுக்கும் மேலாக மேடைதோறும் வாசித்து முடித்த ஒரு குழு, அடுத்த ஆல்பத்துக்காகப் பயிற்சி அறையில் மீண்டும் கூடும்போது, "இந்த முறை வேறு மாதிரி ஒலிக்க வேண்டும்" என்ற பேச்சு எழாமல் இருப்பது அரிது. அந்த விருப்பத்தில் தவறேதும் இல்லை. முதல் ஆல்பத்தின் பாடல்கள் பல ஆண்டுகள் ஊறி வந்தவை. அவற்றை எழுதியபோது உங்களுக்கிருந்த வயதும் கோபமும் ரசனையும் இன்றும் அப்படியே இருக்க வாய்ப்பில்லை. எங்கிருந்து தொடங்குவது என்பதில்தான் சிக்கல். பல குழுக்கள் கடையிலிருந்து தொடங்குகின்றன: ஒரு சின்தசைசரும் கிட்டார் ஒலியை மாற்றும் இரண்டு மூன்று பெடல்களும் வந்து சேர்கின்றன, பாடல்கள் மட்டும் பழைய வழியிலேயே எழுதப்படுகின்றன. அப்படி உருவாகும் ஆல்பத்தைக் கேட்டால், பழைய குழுவே புதுச் சட்டை மாட்டிக்கொண்டு நிற்பதுபோல் இருக்கும். பாடல் பிறக்கும் விதம் மாறினால்தான் ஒலி மாறும் என்பது என் உறுதியான கருத்து. யார் பாடலைத் தொடங்கி வைக்கிறார், யார் எதை வாசிக்கிறார், எதை வாசிக்காமல் விடுகிறீர்கள் என்பவையே அந்த விதத்தைத் தீர்மானிக்கின்றன.

பழைய ஆல்பத்தைக் கணக்கெடுங்கள்

எதையும் எழுதுவதற்கு முன்பு, குழுவினர் அனைவரும் ஒன்றாக உட்கார்ந்து முதல் ஆல்பத்தை ஒருமுறை முழுவதுமாகக் கேளுங்கள். கையில் ஒரு நோட்டு இருக்கட்டும். ஒவ்வொரு பாடலுக்கும் டெம்போ (வேகம்) என்ன, சுருதி என்ன, கிட்டார் எந்த டியூனிங்கில் இருக்கிறது, எந்தக் கருவி பாடலைத் தொடங்குகிறது, குரல் எத்தனையாவது விநாடியில் நுழைகிறது, பல்லவியில் டிரம்மரின் வலது கை எங்கே இருக்கிறது, பாடல் எப்படி முடிகிறது என்று வரிசையாகக் குறித்துக்கொள்ளுங்கள். சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் இதைத் தவிர்த்த குழுக்கள் தங்கள் பழக்கம் எது, பாணி எது என்று பிரித்தறியாமலே அடுத்த ஆல்பத்தையும் முடித்துவிடுகின்றன.

பதினொரு பாடல்களில் ஒன்பது பாடல்கள் நிமிடத்துக்கு 150 முதல் 170 துடிப்புகளில் ஓடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். அவற்றில் எட்டு, கிட்டார் தனியாக நான்கு பார் (தாளத்தின் நான்கு சுற்று) வாசித்த பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் நுழைபவை. பல்லவி வந்ததும் டிரம்மர் ஹை-ஹேட்டை, அதாவது காலால் திறந்து மூடும் இரட்டை உலோகத் தட்டை, பாதி திறந்து அடிக்கிறார், பேஸ் கிட்டார் கார்டின் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின்) மூல சுரத்தை விட்டு நகர்வதில்லை, கடைசிப் பல்லவி இரண்டு முறை வந்து சட்டென்று நிற்கிறது. மேடையில் இவை ஒவ்வொன்றும் நன்றாகவே வேலை செய்திருக்கும். ஆயினும் இந்தப் பட்டியலைப் பார்த்தவுடன், உங்கள் குழுவின் ஒலி என்று எல்லோரும் சொல்வதில் பெரும்பகுதி இந்த நான்கைந்து வழக்கங்கள்தான் என்பது விளங்கும். மாற்ற வேண்டியவை இந்தப் பட்டியலில்தான் இருக்கின்றன.

மாறக்கூடாததும் ஒன்று இருக்கிறது; அதையும் இந்தக் கட்டத்திலேயே கண்டுபிடித்துவிடுங்கள். முதல் ஆல்பத்தின் பாடல்களில் நான்கைந்தை எடுத்து, ஒரே ஒரு அக்கூஸ்டிக் கிட்டாரும் குரலுமாக, பாதி வேகத்தில் பாடிப் பாருங்கள். டிரம்ஸும், கிட்டாரைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனும் போன பிறகும், "இது நாம்தான்" என்று சொல்ல வைக்கும் ஏதாவது மிஞ்சும். அது குரல் மேலே ஏறும் விதமாக இருக்கலாம், வரிகளில் வரும் நேரடியான பேச்சுத் தொனியாக இருக்கலாம், இரண்டு கிட்டார்களும் ஒன்றுக்கொன்று பதில் சொல்லும் முறையாகவும் இருக்கலாம். அந்த ஒன்றை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டால், மற்ற எதையும் துணிந்து மாற்றலாம். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றும் குழுவிடம், முதல் ஆல்பத்தை நேசித்தவர் பற்றிக்கொள்ள எதுவும் இல்லாமல் போகிறது.

கையில் இருப்பதை மாற்றுங்கள், பிறகு சிலவற்றை விலக்குங்கள்

2007-இல் வெளியான தி ஹாரர்ஸ் குழுவின் முதல் ஆல்பம், ஆர்கன் முன்னால் நிற்க வேகமும் கூச்சலுமாக ஓடும் கராஜ் ராக். 2009-இல் வந்த இரண்டாவது ஆல்பமான பிரைமரி கலர்ஸ், கிட்டார் அலைகளும் சின்தசைசரும் நீண்டு பரவும் வேறொரு உலகம். இந்த இரண்டுக்கும் நடுவே நடந்த மாற்றங்களில், கற்றுக்கொள்ள மிகவும் ஏற்றதாக நான் கருதுவது ஒன்று: ஆர்கன் வாசித்த ரைஸ் வெப் பேஸ் கிட்டாரை எடுத்துக்கொண்டார், பேஸ் வாசித்த டாம் ஃபர்ஸ் சின்தசைசருக்கு மாறினார். ஆட்கள் அதே ஐந்து பேர்தான். கருவி கை மாறியது.

இதை நீங்களும் செய்து பாருங்கள். ஒருவர் பல ஆண்டுகள் வாசித்த கருவியில் அவருடைய விரல்கள் யோசிப்பதற்கு முன்பே தெரிந்த இடத்துக்குப் போய்விடுகின்றன. பேஸ் கிட்டாரைப் புதிதாக எடுப்பவருக்கு அந்தத் தடம் கிடையாது. எட்டு எட்டாக மூல சுரத்தையே அடித்துக்கொண்டிருக்க அவருக்குத் தோன்றாமல் போகலாம், இரண்டே சுரங்களில் ஒரு மெல்லிசைத் துண்டை உருவாக்கித் திரும்பத் திரும்ப வாசிக்கலாம். கிட்டாரிஸ்ட் கீபோர்டில் பாடல் எழுதினால், கிட்டார் கழுத்தில் விரல் எட்டாத கார்டுகள் எளிதாக வந்து விழும். நான்கு வாரங்களாவது இப்படி மாறி வாசித்து எழுதுங்கள். பதிவின்போது அவரவர் கருவிக்குத் திரும்பினாலும் பரவாயில்லை. பாடலின் எலும்புக்கூடு அதற்குள் வேறாகியிருக்கும்.

அடுத்தது தடை விதிப்பது. கணக்கெடுப்பில் தெரிந்த பழக்கங்களில் இரண்டு அல்லது மூன்றைத் தேர்ந்தெடுத்து, எழுதும் காலம் முழுவதும் அவற்றுக்கு அனுமதி இல்லை என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளுங்கள். பீட்டர் கேப்ரியல் 1980-இல் வெளியிட்ட தம் மூன்றாவது தனி ஆல்பத்தில் சிம்பல்களே (டிரம்ஸின் உலோகத் தட்டுகளே) கூடாது என்று முடிவு செய்தார். சிம்பல்களின் நீண்ட சலசலப்பு இல்லாததால் உயர் அதிர்வெண்களில் இடம் காலியாயிற்று, எதிரொலி திடீரென்று வெட்டப்படும் அந்தப் பெரிய டிரம் ஒலி அங்கே தெளிவாக நிமிர்ந்து நின்றது. பிறகு அந்தப் பத்தாண்டு முழுவதும் அந்த ஒலியைக் கேட்க முடிந்தது. அவர் இண்டி குழுவைச் சேர்ந்தவர் இல்லைதான். ஆனால் ஒரு தடை எப்படிப் புதிய ஒலியைப் பிறப்பிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை. உங்கள் தடை எளிமையாக இருக்கலாம்: பல்லவியில் முழு கார்டு அடிக்கக்கூடாது, எந்தப் பாடலையும் கிட்டார் தொடங்கக்கூடாது, டிஸ்டார்ஷன் பெடலை ஒரு பாடலில் ஒருமுறைக்கு மேல் மிதிக்கக்கூடாது. மூன்றுக்கு மேல் போனால் எழுதும் மகிழ்ச்சியே போய்விடும்.

டெம்போவும் டிரம்ஸும்

கிட்டார் தொனியைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் குழுக்கள்கூட டிரம்ஸைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனால் கேட்பவரின் காதில் ஒரு ராக் குழுவின் ஒலியை முதலில் வரையறுப்பது டிரம்ஸ்தான் என்பதால், இந்தப் பகுதியில் கூடுதல் நேரம் செலவிடுங்கள்.

160 துடிப்பு வேகத்தில் நான்கு எண்ணிக்கை கொண்ட ஒரு பார் ஒன்றரை விநாடியில் முடிந்துவிடும். 100 துடிப்பில் அதே பார் 2.4 விநாடி நீடிக்கும். ஏறத்தாழ ஒரு விநாடி கூடுதலாகக் கிடைக்கிறது. பாடுபவர் சொற்களை விழுங்க வேண்டியதில்லை, வரிக்கும் வரிக்கும் நடுவே மூச்சு விடலாம், கிட்டாரின் டிலே (எதிரொலி) மங்கி முடிவதற்கு இடமுண்டு, காலால் அடிக்கும் கிக் டிரம் விழும் இடம் தனியாகக் கேட்கும். அதே நேரத்தில், வேகமான பாட்டில் மறைந்திருந்த குறைகளும் வெளியே வந்துவிடும். மெதுவான பாட்டில் பேஸும் கிக்கும் சற்றே விலகினாலும் தெரியும். ஆகவே டெம்போவைக் குறைப்பதென்று முடிவு செய்தால், பேஸ் வாசிப்பவரும் டிரம்மரும் மட்டும் தனியாக, மெட்ரோனோம் வைத்துக்கொண்டு, வாரத்தில் ஒரு நாளாவது பயிற்சி செய்யட்டும்.

டிரம்ஸின் தொனியை மாற்றப் பணம் தேவையில்லை. டிரம்மருக்கு நேர்முன்னால் இருக்கும் ஸ்னேர் டிரம்மின் மேல் தோலில் ஒரு மெல்லிய துணியை விரித்து அடித்துப் பாருங்கள். நீண்டு ஒலிக்கும் சத்தம் அடங்கி, குட்டையான, உலர்ந்த ஓர் அடி மட்டும் மிஞ்சும். அந்த அடியைக் கேட்டவுடனே டிரம்மரின் கை தானாக அடங்கும், கிட்டாரிஸ்டும் ஒலியளவைக் குறைப்பார். பதிவிலும் இதேபோல எளிமையாகத் தொடங்கலாம். கிளின் ஜான்ஸ் என்ற ஒலிப்பதிவாளரின் பெயரால் அறியப்படும் முறையில் நான்கு மைக்குகளே போதும்: ஒன்று ஸ்னேருக்கு நேர்மேலே ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்தில், மற்றொன்று தரையில் நிற்கும் பெரிய டிரம்மான ஃப்ளோர் டாமின் பக்கவாட்டில் ஸ்னேரை நோக்கி, மூன்றாவது கிக்குக்கு முன்னால், நான்காவது ஸ்னேருக்கு அருகில். முதல் இரண்டும் ஸ்னேரின் நடுப்பகுதியிலிருந்து ஒரே தொலைவில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஸ்னேரின் ஒலி இரண்டு மைக்குகளையும் வெவ்வேறு கணத்தில் அடைந்து, கலக்கும்போது மெலிந்து போகும். ஒரு கயிற்றை ஸ்னேரின் மேல் பிடித்து இரண்டு மைக்குகளுக்கும் அளந்தால் போதும். ஒவ்வொரு டிரம்முக்கும் ஒரு மைக் வைத்துப் பதிந்த முதல் ஆல்பத்தோடு ஒப்பிட்டால், இந்த நான்கு மைக் ஒலியில் அறை கேட்கும், டிரம்மர் ஒரு மனிதராகக் கேட்பார்.

சின்தசைசரைச் சேர்ப்பவர்கள் அதிர்வெண் கணக்கைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. வழக்கமான டியூனிங்கில் கிட்டாரின் மிகத் தாழ்ந்த கம்பி ஏறத்தாழ 82 ஹெர்ட்ஸில் அதிர்கிறது, பேஸின் தாழ்ந்த கம்பி அதில் பாதியான 41 ஹெர்ட்ஸில். சின்தசைசரோ இந்த இரண்டின் இடத்தையும், பாடகரின் மெய்யெழுத்துகள் தெளிவாகக் கேட்கும் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் பகுதியையும் ஒருசேர அடைத்துக்கொள்ளக் கூடியது. எனவே புதிதாக ஒன்று உள்ளே வரும்போது பழையது ஒன்று வெளியே போக வேண்டும். சின்தசைசர் நடுவில் பரவினால் ஒரு கிட்டார் மேலே ஏறி ஒற்றைக் கம்பியில் வாசிக்கட்டும், மற்றொரு கிட்டார் அந்தப் பாடலில் பேசாமல் இருக்கட்டும். பாடலில் எதுவும் வாசிக்காமல் நிற்பதும் ஒரு பங்களிப்பு என்பதைக் குழு ஏற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

எழுதுவது, ஒதுக்குவது, வாதிடுவது

ஆல்பத்துக்குத் தேவையானதைப் போல இரண்டு மடங்கு பாடல்களை எழுதுங்கள். முதலில் வரும் சில பாடல்கள் பழைய ஆல்பத்தின் எச்சங்களாகவும், அடுத்து வருபவை நீங்கள் அண்மையில் வியந்து கேட்ட வேறு யாருடையவையோ போலவும் இருக்கும். அதற்குப் பிறகு வருபவற்றில்தான் உங்கள் புதிய ஒலி தலைகாட்டும். டெமோக்களை (மாதிரிப் பதிவுகளை) மெட்ரோனோமுக்கு இணங்க, 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் தரத்தில், ஒவ்வொரு கருவியையும் தனித்தனித் தடமாகப் பதிந்து வையுங்கள். டெமோவில் அமைந்த ஒரு குரலோ கிட்டார் துண்டோ ஸ்டுடியோவில் மறுபடி அமையாமல் போவது அடிக்கடி நடக்கிறது. தரமாகப் பதிந்திருந்தால் அதையே ஆல்பத்தில் பயன்படுத்தலாம்.

பெரிய திட்டங்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை தேவை. வீஸர் குழுவின் ரிவர்ஸ் குவோமோ இரண்டாவது ஆல்பத்தை விண்வெளியில் நடக்கும் ஓர் இசை நாடகமாகத் திட்டமிட்டார், பிறகு அதைக் கைவிட்டார். ஆனால் அதற்காக வைத்திருந்த பாடல்களில் சில 1996-இல் வெளியான பிங்கர்டனில் இடம்பெற்றன. திட்டம் கைவிட்டுப் போனாலும் பாடல்களைக் காப்பாற்றுங்கள் என்பது இதில் எனக்குத் தெரியும் பாடம். முதல் ஆல்பத்தின் பளபளப்பை விட்டுவிட்டுக் குழுவே கரடுமுரடாகத் தயாரித்த அந்த ஆல்பம், வெளியான காலத்தில் பலருக்குப் பிடிக்கவில்லை. இன்று அந்தக் குழுவின் மிகச் சிறந்த படைப்பாக அதைச் சொல்பவர்கள் ஏராளம். வெளியான சில மாதங்களில் வரும் கருத்துகளை வைத்து உங்கள் மாற்றத்தை நீங்களே தண்டித்துக்கொள்ளாதீர்கள்.

ஒலி மாறும் காலம் குழுக்களுக்குள் கசப்பு வளரும் காலமும்கூட. டிரம் மெஷின் வந்தால் டிரம்மருக்குத் தம் இடம் என்னவென்று கேள்வி எழுகிறது. கிட்டார் குறைந்தால் கிட்டாரிஸ்ட் ஒதுக்கப்பட்டதாக உணர்கிறார். இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆகவே அது "இந்தப் பாட்டு சரியாக வரவில்லை" என்ற வடிவத்தில் வெளிப்படுகிறது. டிரம் மெஷினை நிரல்படுத்தும் வேலையை டிரம்மரிடமே கொடுங்கள். தாளத்தை அவரைவிட நன்கு அறிந்தவர் அறையில் இல்லை. புதிய யோசனை எதையும் மூன்று முறை ஒழுங்காக வாசித்துப் பார்க்காமல் யாரும் மறுக்கக்கூடாது என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். பாடலாக்கத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை, பாடல் முடிந்த அதே வாரத்தில் எழுத்தில் பதிந்துவிடுங்கள். எழுதும் முறை மாறும்போது பங்கும் மாறும். முதல் ஆல்பத்தின் ஏற்பாடு இதற்குப் பொருந்தாது.

பாதிப் பாடல்கள் தேறியதும் மேடைக்குக் கொண்டு போங்கள். ரேடியோஹெட் 1994-இல் இரண்டாவது ஆல்பமான தி பெண்ட்ஸின் பதிவில் திணறிக்கொண்டிருந்தபோது, நடுவில் நிறுத்திவிட்டுச் சுற்றுப்பயணம் சென்றது. புதிய பாடல்கள் மேடையில் இறுகின, திரும்பி வந்த பிறகு வேலை வேகமெடுத்தது. அந்த ஆல்பத்தில் உள்ள ஒரு பாடலின் இசைப்பகுதி, அவ்வாண்டு மே மாதம் லண்டன் அஸ்டோரியா அரங்கில் நேரடியாகப் பதிவானதுதான்; குரலை மட்டும் பிறகு மாற்றிச் சேர்த்தார்கள். அரங்கில் இருப்பவர்கள் கைதட்டுவதைவிட, எந்த இடத்தில் பேச்சுச் சத்தம் எழுகிறது என்று கவனியுங்கள். அந்த இடத்தில் பாடல் தேவையைவிட எட்டுப் பார் கூடுதலாக நீண்டிருக்கும்.

தயாரிப்பாளரும் அறையும்

ஒலியை மாற்ற விரும்பும் குழு தயாரிப்பாளரையும் மாற்ற நினைப்பது இயல்பு. முழு ஆல்பத்துக்கும் ஒப்பந்தம் செய்வதற்கு முன்பு, ஒரே ஒரு பாடலை இரண்டு நாளில் அவருடன் பதிந்து பாருங்கள். தி ஸ்ட்ரோக்ஸ் குழு, 2003-இல் வெளியான தன் இரண்டாவது ஆல்பத்தைப் புகழ்பெற்ற நைஜல் காட்ரிச்சுடன் தொடங்கி, அது ஒத்துவராமல் அந்தப் பதிவுகளை ஒதுக்கிவிட்டு, முதல் ஆல்பத்தின் தயாரிப்பாளரான கார்டன் ரஃபேலிடமே திரும்பியது. திறமை இரு பக்கமும் இருந்தது, பொருத்தம்தான் அமையவில்லை. சோதனைப் பாடலின்போது, அவர் எத்தனை கருவிகளைச் சேர்க்கச் சொல்கிறார், எத்தனையை நீக்கச் சொல்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். நீக்கத் தெரிந்தவரை விட்டுவிடாதீர்கள்.

அறை மாறினாலும் ஒலி மாறும். ஆர்கேட் ஃபயர் 2007-இல் வெளியான இரண்டாவது ஆல்பத்துக்காகக் கியூபெக்கில் ஃபார்ன்ஹம் என்ற ஊரில் ஒரு பழைய தேவாலயத்தை வாங்கி ஸ்டுடியோவாக்கியது. அத்தனை வசதி இல்லாதவர்கள், டிரம்ஸை மட்டும் இரண்டு நாள் ஓர் உயரமான கூடத்தில் பதிந்துவிட்டு, மீதியைச் சிறிய அறையிலேயே முடிக்கலாம். பதிந்த தடங்களை ஒன்றாகக் கலக்கும் மிக்ஸிங்கில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை: முதல் ஆல்பத்தை மிக்ஸ் செய்த ஒலியளவுகளை முன்மாதிரியாகக் கொடுக்காதீர்கள், கொடுத்தால் பழைய ஒலிதான் திரும்பி வரும்.

வெளியீடும் மேடையும்

முதலில் வெளியிடும் பாடல், மாற்றத்தை மறைக்காததாக இருக்க வேண்டும். பழையதைப் போல ஒலிக்கும் ஒரே பாடலை முன்னால் அனுப்பிவிட்டு, ஆல்பத்தில் வேறொன்றைக் கொடுப்பது கேட்பவரை ஏமாற்றுவதாகும். தி ஹாரர்ஸ், பிரைமரி கலர்ஸ் ஆல்பத்திலிருந்து, ஏறத்தாழ எட்டு நிமிடம் ஓடும் கடைசிப் பாடலையே முதலில் வெளியே விட்டது. அதைக் கேட்ட எவருக்கும் வரப்போவது என்னவென்பதில் ஐயம் இருந்திருக்காது. அந்த ஆல்பம் அவ்வாண்டு, சிறந்த ஆல்பத்துக்குப் பிரிட்டனில் தரப்படும் மெர்க்குரி பரிசுக்கான பட்டியலிலும் இடம்பெற்றது. பாடல் வரிசையை அமைக்கும்போது, இசைத்தட்டாக வெளியிடும் எண்ணம் இருந்தால், ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ இருபது, இருபத்திரண்டு நிமிடம் என்ற எல்லையை நினைவில் வையுங்கள். அதைத் தாண்டினால் ஒலியளவும் தாழ் சுரங்களின் கனமும் குறையும்.

மேடையில் புதியதையும் பழையதையும் ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்காதீர்கள். ஒவ்வொரு பாடலுக்கும் டியூனிங்கும் கருவியும் மாற்றிக்கொண்டிருந்தால் இடைவெளிகள் நீளும், இரண்டு ஒலிகளும் ஒன்றையொன்று கெடுக்கும். புதிய பாடல்களில் மூன்று நான்கைச் சேர்ந்தாற்போல் வாசியுங்கள், பிறகு பழையவற்றில் மூன்று நான்கு. பழைய பாடல்களைப் புதிய ஒலிக்கு இழுத்து மாற்றும் ஆசை எழும். ஒன்று அல்லது இரண்டில் அதைச் செய்து பார்க்கலாம், மற்றவற்றை மக்கள் அறிந்த வடிவிலேயே, முழு வேகத்தில் வாசியுங்கள். சின்தசைசர் யார் வாசிப்பது, டிரம் மெஷினை யார் தொடங்கி வைப்பது, கணினி நின்றுவிட்டால் அந்தப் பாடலை எப்படி முடிப்பது என்பவற்றைப் பயண வண்டியில் ஏறுவதற்கு முன்பே தீர்மானித்து, கணினி இல்லாமலும் அந்தப் பாடல்களை இரண்டு முறையாவது முழுமையாக வாசித்துப் பார்த்துவிடுங்கள்.